16:64:32 கும்பகமும் மெழுகுதிரித் திராடகமும் ஒரே அமர்வில்: எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது?

கயல்_வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். தியானப் பயிற்சி ஒன்றின் ஆரம்பப் பாடங்களை இணையவழி வகுப்பில் செய்துகொண்டிருக்கிறேன். நேரில் இருந்து பார்த்துத் திருத்த ஆளில்லாததால் இங்கே கேட்கிறேன்.

அமர்வுக்குத் தந்திருக்கும் ஒழுங்கு இது: முதலில் பஸ்திரிகா என்ற வேகமூச்சு, சுற்றுக்கு 30 மூச்சாக மூன்று சுற்று. உடனேயே நாடிசுத்தி (நாசி மாற்றி மாற்றி மூச்சு விடுவது), 16 இழுத்து 64 நிறுத்தி 32 விடுகிற கணக்கில். அடுத்து மெழுகுதிரிச் சுடரைப் பார்த்தபடி 15 நிமிடத் திராடகம். அப்போதும் மூச்சு அதே கணக்கில் ஓட வேணும். கடைசியில் கண்ணை மூடிச் சுடரைப் புருவ நடுவில் வைத்திருக்க வேணும்.

நடப்பது: பஸ்திரிகா முடிய விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் விறுவிறுப்பு. கும்பகத்தில் (மூச்சை நிறுத்தும்போது) 40 தாண்டக் காது சூடாகிக் கழுத்து இறுகுது. விடுகிற மூச்சு 32 வரை நீளாது, 15, 16இலேயே கொட்டிவிடும். சுடரைப் பிடித்தால் எண்ணிக்கை தவறுது, எண்ணிக்கையைப் பிடித்தால் சுடர் போயிடுது. கண்ணை மூடினால் சுடர் நிறம் மாறி மாறிக் கீழே இறங்கி மறைந்துவிடும். இரவில் நித்திரையும் குழம்புது. வகுப்பில் கேட்டதற்கு "சக்தி எழும்புகிறது, தொடருங்கள்" என்றார்கள்.

வயது 34. பிரஷர், தொய்வு, வலிப்பு எதுவும் இல்லை. இருப்பது தொடர்மாடியில் நாலாம் மாடி. ஃபான் போட்டால் சுடர் ஆடும், நிறுத்தினால் வியர்வை கண்ணுக்குள் இறங்கும். எதை நிறுத்த, எதைக் குறைக்க, எந்த ஒழுங்கில் செய்ய? படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நெஞ்சறை (சுவாசப் பிசியோதெரபி)

தங்கச்சி, பஸ்திரிகாவையும் கும்பகத்தையும் இன்றைக்கே நிறுத்துங்கோ. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிறகு எப்போது திரும்பத் தொடங்கலாம் என்பதும் விளங்கும்.

விறுவிறுப்புக்குக் காரணம் சக்தி எழும்புவது அல்ல. பஸ்திரிகாவில் உடம்பு உண்டாக்குவதைவிட வேகமாகக் காபனீரொட்சைட்டை வெளியே தள்ளிவிடுகிறீர்கள். அது குறைய இரத்தம் காரப் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்த இரத்தத்தில் சுயாதீனமாக இருக்கும் கல்சியம் குறையும், நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துடிக்கும். விரல் நுனியிலும் வாயைச் சுற்றியும்தான் அது முதலில் தெரியும். இன்னும் தொடர்ந்தால் கைவிரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொள்ளும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் இதே காரணத்தால் சுருங்கும். தலை மிதப்பது போல இருப்பது அதுதான். பலர் அதைத் தியான நிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைவிடக் கவலை தருவது, அதற்குப் பின்னாலேயே கும்பகம் வருவது. "இனி மூச்சு வேணும்" என்று உள்ளேயிருந்து வரும் உந்தலைத் தருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு ஏறுவதுதான், ஒட்சிசன் இறங்குவது அல்ல. முன்கூட்டியே காபனீரொட்சைட்டை வடித்துவிட்டு மூச்சைப் பிடித்தால் அந்த உந்தல் பிந்தியே வரும். அதற்குள் ஒட்சிசன் இறங்கி ஆள் மயங்கலாம். பாயில் இருந்து மயங்கினால் ஒரு பக்கம் சரிவீர்கள். தண்ணீருக்குள் என்றால் உயிர் போகும். இதை வாசிக்கும் மற்றவர்களும் கவனியுங்கோ: வேகமூச்சும் மூச்சுப் பிடிப்பும் நீச்சல் குளத்திலோ கல்கிசைக் கடலிலோ ஒரு தடவைகூட வேண்டாம்.

காது சூடாவதும் கழுத்து இறுகுவதும் வேறு விசயம். நெஞ்சை முட்ட நிரப்பி, தொண்டையை இறுக்கி அடைத்து, பலத்தால் பிடித்திருக்கிறீர்கள். நெஞ்சறைக்குள் அழுத்தம் கூடும்போது தலைப்பக்கத்து இரத்தம் இதயத்துக்குத் திரும்பத் தடையாகும். முகம் சிவக்கும், காது கொதிக்கும், விட்டவுடன் தலை சுற்றும். கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். பிரஷர், இதய வருத்தம், குளுக்கோமா, வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தைத் தொடவே கூடாது என்பது இதனால்தான். பதகளிப்புத் தாக்கம் வருகிறவர்களுக்கும், முன்பு மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வேகமூச்சு வேண்டாம்.

இனி அடித்தளம். குப்புறப் படுத்து, மடித்த கைகளில் நெற்றியை வையுங்கோ. மூச்சு உள்ளே வரும்போது வயிறு நிலத்தை அழுத்த வேணும், விலாவின் கீழ்ப்பக்கம் பக்கவாட்டில் விரிய வேணும். தோள் எழும்பினால் பிழை. இது பிடிபட்டதும் மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேலே ஒரு கிலோ அரிசிப் பையை வைத்து அதே மாதிரி 5 நிமிடம். பை மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேணும். இறங்கும்போது "தொப்" என்று விழுந்தால், நீங்கள் சொன்ன அந்தக் கொட்டுகிற மூச்சு அதுதான். பிறகு இருந்தபடி செய்யலாம். கதிரையில் இருந்தாலும் குறையில்லை: பாதம் நிலத்தில் முழுதாகப் பதிய, இடுப்பு முழங்காலுக்குச் சற்று மேலே இருக்க வேணும். நிலத்தில் என்றால் இருப்புக்குக் கீழே 8 முதல் 10 சென்றிமீற்றர் உயரத்துக்கு ஏதாவது வையுங்கோ.

அளவு: இரு நாசியாலும் 4 செக்கன் உள்ளே, 6 செக்கன் வெளியே, நிறுத்தல் இல்லை. நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக இருக்கிற ஒருவருக்கு 12 முதல் 20 வரை ஓடும், ஆகவே இதுவே பெரிய மாற்றம். வெளிமூச்சில் இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். அந்தப் பகுதி நீள உடம்பு அடங்கும். இழுக்கும் அளவைக் கூட்ட வேண்டாம். மெதுவாக இழுக்கச் சொன்னால் எல்லாரும் நிறைய இழுக்கிறார்கள். மெதுவாகவும் நிறையவும் இழுத்தால் அங்கேயும் விறுவிறுப்பு வரும்.

---

சுழுமுனை

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். அளவைப் பற்றி மட்டும் கூட்டுகிறேன்.

16:64:32 யாரோ வகுப்புக்காக உண்டாக்கிய கணக்கு அல்ல. திருமந்திரத்தில், மூன்றாம் தந்திரத்துப் பிராணாயாமப் பகுதியில் உள்ளது: இடது நாசியால் 16 மாத்திரை (கால அளவு) பூரகம் (இழுப்பது), 64 கும்பகம், 32 இரேசகம் (விடுவது). ஆனால் அது போய்ச் சேரும் இடம். தொடங்கும் இடமாக அதைக் கொடுப்பதுதான் பிழை. மொத்தம் 112 மாத்திரை. செக்கனுக்கு ஒன்று என்று எண்ணினால் ஒரேயொரு மூச்சுக்கு இரண்டு நிமிடத்துக்கு 8 செக்கன்தான் குறைவு. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு விடுகிற உடம்பை ஒரே நாளில் அரை மூச்சுக்கு இறக்க முடியாது.

அதனால் எல்லாரும் செய்வது வேகமாக எண்ணுவது. அதில் ஒரு கள்ளம் தானாகவே நுழையும்: இழுக்கும்போது ஆறுதலாக எண்ணுவீர்கள், நிறுத்தும்போது 30க்குப் பிறகு எண்ணிக்கை ஓடத் தொடங்கும், விடும்போது இன்னும் ஓடும். விகிதமே இல்லாமல் போய்விடும். கைபேசியில் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு கிழமை பழகுங்கள். பிறகு அந்த வேகத்திலேயே "நமசிவாய" என்ற ஐந்தெழுத்தை மனசுக்குள் ஓட்டலாம். எழுத்துக்கு ஒரு தட்டு. எண்ணை எண்ணுவதைவிட அது மனசில் தங்கும்.

படிகள்: 4:0:4, அடுத்து 4:0:6, 4:0:8. இதுவரை நிறுத்தல் இல்லை. பிறகு 4:4:8, 4:8:8, கடைசியில் 4:16:8. இந்தக் கடைசிப் படியிலேயே 1:4:2 என்ற முழு விகிதம் வந்துவிட்டது. 16:64:32 இதன் நான்கு மடங்கு, அவ்வளவே. பெரும்பாலானோர் இந்தச் சின்ன அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கலாம், குறை ஒன்றுமில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதற்கு நாட்கணக்கு வைக்க வேண்டாம். பத்தாவது சுற்று முதலாவது சுற்றைப் போலவே சுகமாக இருந்தால் ஏறலாம். சோதனை வெளிமூச்சில் இருக்கிறது. விடுகிற மூச்சின் கடைசிப் பகுதி தேய்ந்து மெலிந்து முடிய வேண்டும், அடுத்த மூச்சு அவசரப்படாமல் உள்ளே வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஒரு படி இறங்குங்கள். கும்பகம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்து முன்னேற்றத்தை அளக்கவே கூடாது. கொட்டாமல் விட்டீர்களா என்பதுதான் அளவு.

கை வைக்கும் முறையிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். வலது கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடியுங்கள். பெருவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரலும் சிறுவிரலும் இடது நாசிக்கு. விரல் படும் இடம் மூக்கெலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடம். நுனியைக் கிள்ளினால் மூக்குத்தண்டு வளைந்து திறந்திருக்கும் பக்கமும் பாதி அடைபடும். இடதால் இழுத்து வலதால் விட்டு, வலதால் இழுத்து இடதால் விட்டால் ஒரு சுற்று. நாலைந்து சுற்றில் கை பாரம் ஏறி முழங்கை கீழே இழுக்கும், தலை வலப்பக்கம் சாயும், வலது விலா மடங்கும். அதன் பிறகு "வலதுபக்கம் மூச்சு போகவில்லை" என்பார்கள். முழங்கையை நெஞ்சோடு ஒட்டி வையுங்கள், அல்லது இடது கையை மடித்து அதன் மேல் முட்டுக் கொடுங்கள்.

4:8:8க்கு வரும்போது சாலந்தர பந்தம் (தொண்டைப் பூட்டு) சேர வேண்டும். கழுத்தை மடித்தால் மட்டும் போதாது. நெஞ்சு மேலெழுந்து மோவாயை வந்து தொடுவது போல இருக்க வேண்டும். எடுக்கும்போது முதலில் தலையை நிமிர்த்தி, பிறகுதான் மூச்சை விட வேண்டும். பூட்டோடு விட்டால் தொண்டையில் உரசும்.

---

தீபநோக்கு

திராடகத்துக்கு வருகிறேன். ஹடயோக நூல்கள் இதை ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கின்றன: சிறிய பொருள் ஒன்றை இமைக்காமல் கண்ணீர் வரும்வரை பார்ப்பது. மூச்சுக் கணக்கை அதோடு சேர்க்கச் சொல்லவில்லை. சுடருக்கும் எண்ணுக்கும் இடையில் மனம் அலைவது உங்கள் குறை இல்லை. ஒருமுகப்பாடு பழகும் இடத்தில் இரண்டு பொருளைக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அது அலைகிறது. பார்க்கும்போது மூச்சைத் தன் பாட்டில் விடுங்கோ.

15 நிமிடம் மிக அதிகம். ஒன்று முதல் மூன்று நிமிடம் பார்வை, அதே அளவு கண் மூடல், இப்படி மூன்று தடவை. கண் எரிந்தால் இமையுங்கோ. இமைப்பு படிப்படியாகக் குறையும். விழிப்பதற்காக நெற்றியைச் சுருக்கினால் பிறகு தலையிடி வரும். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டு இருக்க வேணும். ஏசி அறையில் கண் சீக்கிரம் வறண்டுவிடும். வலிப்பு உள்ளவர்களுக்கு ஆடும் சுடர் கூடாது, அவர்கள் அசையாத புள்ளியைப் பார்க்கலாம். சூரியனைப் பார்க்கும் பயிற்சி என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கோ. விழித்திரை எரிந்தால் எரிந்ததுதான், வலிகூடத் தெரியாது.

கொழும்பில் சுடரை நிறுத்துவது உண்மையில் பெரிய பாடு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடல் பக்க யன்னலால் அடித்துக்கொண்டே இருக்கும். யன்னலைச் சாத்தி, அமர்வுக்குப் பத்து நிமிடம் முந்தி வரைக்கும் ஃபானை முழு வேகத்தில் விட்டு உடம்பைக் குளிரப்பண்ணி, பிறகு நிறுத்துங்கோ. நெற்றியில் ஒரு துணிப்பட்டி கட்டினால் வியர்வை கண்ணுக்கு வராது. மேசை ஃபான் இருந்தால் நிலத்தில் வைத்து முதுகுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடலாம். மெழுகுதிரியைவிட அகல் விளக்கில் நல்லெண்ணெயும் மெல்லிய பருத்தித் திரியும் நல்லது. திரி விளிம்புக்கு வெளியே அரைச் சென்றிமீற்றருக்கு மேல் நீளாமல் வெட்டிவிட்டால் சுடர் சிறிதாக, புகையில்லாமல் நிற்கும். ஒரு கையெட்டுத் தூரம், கண் மட்டம். விளக்கு தாழ்வாக இருந்தால் கழுத்து வளையும், இமை பாதி மூடும், நித்திரை தூங்கிவிடும். பின்னால் வெறுஞ்சுவர் இருக்கட்டும். நுளம்புச்சுருளை அதே அறையில் கொளுத்தி வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சிழுப்பதை எத்தனையோ வீடுகளில் செய்கிறார்கள். அதைச் செய்யாதேங்கோ, வலை போதும்.

நிறம் மாறி இறங்கும் சுடரைப் பற்றி: அது மனப்படம் அல்ல, விழித்திரையில் பட்ட ஒளியின் எச்சம். வெளிச்சம் பட்ட இடத்து உணர்கலங்கள் களைத்துப்போய்ப் பழைய நிலைக்குத் திரும்பும்வரை நிறம் மாறிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். மூடிய இமைக்குள் கண்ணை இடப்பக்கம் அசையுங்கோ: படம் கூடவே போனால் அது எச்சம். புருவ நடுவுக்கு அதை இழுக்கப் பார்த்தால் கண்விழி மேலே சுழலும், அதனால் படமும் மேலே போகும், விழி களைத்ததும் இறங்கும். கீழே இறங்கி மறைவது இதுதான். எச்சத்தைத் துரத்த வேண்டாம். அது மங்கி முடியும்வரை அசையாமல் இருந்து, மங்கிய பிறகு சுடரின் வடிவத்தை நினைவிலிருந்து எழுப்புங்கோ: கீழே திரியின் கரிய நுனி, அதைச் சுற்றி நீலம், மேலே மஞ்சள் கூம்பு. முதலில் ஒரு நொடிதான் நிற்கும். அந்த ஒரு நொடிதான் பயிற்சி, மற்றதெல்லாம் அதற்கான ஆயத்தம்.

---

கயல்_வெள்ளவத்தை

மிக்க நன்றி அண்ணாமார். கண் அசைத்துப் பார்த்தேன், படம் கூடவே போகுது. இரண்டு கேள்வி. சுடர் இல்லாமல் வேறு பொருள் வைத்தால் பலன் குறையுமா? மற்றது, மூச்சை "தன் பாட்டில்" விட முடியவில்லை. கவனித்த உடனே நானே அதை ஓட்டத் தொடங்கிவிடுகிறேன்.

---

ஆனாபானம்

பலன் குறையாது. சுடரைவிட நிலையான பொருள் நம் நாட்டிலேயே பல நூற்றாண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் என்ற பௌத்த நூலில் மண் கசிணம் (தியானத்துக்குப் பார்க்கும் மண் வட்டம்) செய்யும் முறை அளவோடு இருக்கிறது. புல், வேர், பரல் நீக்கிப் பிசைந்த களிமண்ணை வட்டமாகப் பூசி மட்டப்படுத்துவது. குறுக்களவு ஒரு சாணும் நாலு விரலும், கிட்டத்தட்ட 30 சென்றிமீற்றர். நிறம் விடியற்கால வானத்தின் செம்மை; நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை கலக்கக் கூடாது. இரண்டரை முழத் தூரத்தில், ஒரு சாண் நாலு விரல் உயர இருக்கையில் இருந்து பார்க்க வேண்டும். கிட்டப் போனால் மண்ணின் கீறலும் விரல் தடமும் கண்ணில் படும், தூரப் போனால் வட்டம் தெளியாது. கண்ணை அகல விழித்தால் களைக்கும், குறுக்கினால் மனம் மந்தமாகும். தொடர்மாடியில் ஒரு பலகைத் துண்டில் பூசிச் சுவரில் சாய்த்தால் போதும். ஃபானைப் போட்டுக்கொள்ளலாம், வட்டம் ஆடாது. கண் மூடினாலும் திறந்தாலும் ஒரே மாதிரித் தெரியும் நிலை வரும்போது, பலகையை விட்டு வேறு இடத்தில் இருந்து பழகச் சொல்கிறது நூல். விழித்திரை எச்சத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தானாகத் தெளியும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பிராணாயாமம் மூச்சை ஆளுவது, ஆனாபானசதி மூச்சை அறிவது. இரண்டும் நல்லவை. ஆனால் ஒன்றை முடித்த கையோடு மற்றதைத் தொடங்கினால், ஆளும் பழக்கம் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் உங்களுக்கு நடக்கிறது. என் கருத்தில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் இருப்பது மேல்: காலையில் ஒன்று, மாலையில் மற்றது.

அறிகிற பயிற்சிக்கும் எண்ணிக்கை உண்டு, அதன் வேலை வேறு. மூச்சு எவ்வளவு நேரம் ஓடியது என்று எண்ணுவதில்லை, எத்தனையாவது மூச்சு என்று மட்டும். 5க்குக் குறையாமல் 10க்கு மேற்படாமல் எண்ணச் சொல்வார்கள். ஐந்துக்குக் கீழே மனத்துக்கு இடம் போதாமல் முட்டும், பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெளிமூச்சு முடியும் இடத்தில் எண்ணைச் சொல்லுங்கள், தொடக்கத்தில் அல்ல. தொடக்கத்தில் சொன்னால் எண் மூச்சைத் தள்ளும், முடிவில் சொன்னால் மூச்சு எண்ணை அழைக்கும். கவனம் மூக்கு நுனியில் அல்லது மேலுதட்டில் காற்று படும் இடத்தில். காற்றோடு உள்ளே போய்த் திரும்பி வர வேண்டாம். எண் இல்லாமலே கவனம் நிற்கத் தொடங்கினால் எண்ணுவதை விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் அது பாரம்.

அப்படியும் மூச்சை ஓட்டுவது நிற்கவில்லை என்றால், வெளிமூச்சு முடிந்த பின் வரும் சின்ன இடைவெளியை மட்டும் பாருங்கள். அடுத்த மூச்சைத் தொடக்காமல், அது எப்போது வருகிறது என்று காத்திருங்கள். பிடித்து நிறுத்துவது அல்ல. கதவடியில் நின்று ஆள் வருகிறாரா என்று பார்ப்பது மட்டும்.

வெளிச்சத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விடிய பௌத்தர்களின் பிரித் ஓதலும் பாங்கும் கோயில் மணியும் காலி வீதி பஸ் ஹோனும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காதை அடைக்க வேண்டாம். ஒலி வந்ததும் "கேட்கிறது" என்று ஒரு தடவை குறித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். நேரில் பழக விரும்பினால் தெல்கொடைக்குக் கிட்ட கந்துபொடையில் தியான நிலையம் இருக்கிறது. அங்கே வயிறு எழுவதையும் இறங்குவதையும் கவனிக்கும் முறை சொல்லிக்கொடுக்கிறார்கள்.

---

சுழுமுனை

இரண்டையும் வேறு நேரத்தில் வைப்பது பற்றி மட்டும் சிறு கருத்து வேறுபாடு. நாடிசுத்தி முடிந்தபின் மனம் அடங்கியிருக்கும் அந்த நேரத்தைத் தியானத்துக்குப் பயன்படுத்துவதே அட்டாங்க யோகத்தின் ஒழுங்கு: பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலனை உள்ளே திருப்புவது), தாரணை (மனதை ஒன்றில் நிறுத்துவது), தியானம். நடுவில் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து மூச்சை மறந்துவிட்டு எழுந்தால் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் தொடங்குகிறவருக்கு ஆனாபானம் சொல்வதே பாதுகாப்பு. கும்பகம் சேர்க்காதவரை இரண்டு வழியும் சரிதான்.

---

முத்திரை

மேற்கத்தைய மறைஞானப் பள்ளிகளின் பக்கத்திலிருந்து கொஞ்சம், ஏனென்றால் இணைய வகுப்புகள் பல அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துக் கலக்கின்றன. 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டோன் சங்கத்தில் புதியவருக்குக் கொடுத்தது நாற்படி மூச்சு: 4 இழுத்து, 4 நிறுத்தி, 4 விட்டு, வெறுமையில் 4 நிற்பது. நிறுத்தல் சிறியது, தொண்டையை இறுக்காமல் விலாவை விரித்தபடி வைத்திருந்தாலே போதும். கயல், பிறகொரு நாள் நிறுத்தலைச் சேர்க்கும்போது இதையும் வைத்துப் பாருங்கள். வெறுமையில் நிற்கும் 4 மூச்சுத் திணறலைத் தந்தால் அதை 2 ஆக்குங்கள்.

அந்தப் பக்கத்து இன்னொரு ஆசிரியரான ருடோல்ப் ஸ்டைனர் மூச்சைத் தொடாமலே தொடங்குகிறார். குண்டூசி அல்லது பென்சில் போல ஒரு சாதாரணப் பொருள், ஒரு மாதம், ஒரு நாளைக்கு 5 நிமிடம். அதை வெறித்துப் பார்ப்பது அல்ல. அதைப் பற்றியே கோவையாக நினைப்பது: எந்த உலோகம், எப்படி இழுத்துக் கம்பியாக்கி வெட்டினார்கள், தலை எப்படி வந்தது, எதற்குப் பயன்படுகிறது. சலிப்பான பொருளை வேண்டுமென்றே எடுக்கச் சொல்வதில் காரணம் உண்டு. சாமி படத்தையோ சுடரையோ வைத்தால் அதன் கவர்ச்சியே மனத்தைப் பிடித்துவைத்துவிடும், பிடித்து வைக்கும் வேலையை நீங்கள் செய்ய மாட்டீர்கள். குண்டூசியில் கவர்ச்சி இல்லை, ஆகவே முழு வேலையும் உங்களுடையது. இங்கே வழக்கமாகத் தவறுவது: இரண்டாம் நிமிடத்தில் தையல்காரர், மூன்றாம் நிமிடத்தில் தைக்கக் கொடுத்த சட்டை, நாலாம் நிமிடத்தில் கல்யாண வீடு. கண்டதும் வந்த வழியாலேயே ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடந்து குண்டூசிக்குத் திரும்ப வேண்டும். தாவித் திரும்பினால் எங்கே வழுகியது என்பது தெரியாமல் போகும்.

பிரம்மஞான சபையை ஒல்கொட்டுடன் சேர்ந்து தொடங்கிய பிளவாட்ஸ்கி அம்மையார் 1880 மே மாதம் அவருடன் காலியில் வந்திறங்கியவர். மறைஞானம் கற்க வந்தவர்களிடமே ஹடயோகப் பிராணாயாமத்தில் இறங்க வேண்டாமென்று கடுமையாக எச்சரித்திருக்கிறார். அந்த அளவுக்குத் தடை தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் நேரில் பார்க்க ஒருவர் இல்லாமல் கும்பகம் வேண்டாம் என்பதில் கிழக்கும் மேற்கும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

---

கயல்_வெள்ளவத்தை

இப்போது நினைத்திருப்பது: காலை 5.30க்கு 4:0:6 பத்து நிமிடம், படுத்து ஓய்வு, பிறகு மண் வட்டம் 3 நிமிடம் மூன்று தடவை. மாலையில் மூச்செண்ணல். கும்பகமும் பஸ்திரிகாவும் இல்லை. சரிதானே? நாடிசுத்தி தொடங்கும்போது ஒன்று கேட்க வேணும்: காலையில் பெரும்பாலும் இடது நாசி அடைத்திருக்கும். உப்புத் தண்ணீர் விட்டால் போகுமா?

---

நெஞ்சறை

சரி. அதையே வைத்துக்கொள்ளுங்கோ. சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கோ. மாலைப் பயிற்சி முடிந்து நித்திரைக்கு முதல் கைபேசி வேண்டாம். குழம்பிய நித்திரை கும்பகத்தை விட்டதும் சீராகிவிட வேணும். ஒரு கிழமைக்குப் பிறகும் நெஞ்சு இறுக்கமோ படபடப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கோ.

நாசி அடைப்பு முழுக்க வருத்தம் என்றில்லை. மூக்கின் உட்சவ்வு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வற்றும். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது மாறும். இடது அடைத்திருந்தால் வலப்பக்கம் சரிந்து பத்து நிமிடம் படுங்கோ, மேலே இருக்கும் நாசி திறக்கும். வலது அக்குளுக்குள் ஒரு தலையணையைச் செருகி அழுத்தினாலும் இடது திறக்கும். பழைய யோகிகள் வைத்திருந்த யோகதண்டு செய்ததும் இதைத்தான்.

உப்புத் தண்ணீர் என்றால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும். பைப் தண்ணீரை நேரே மூக்குக்குள் விடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது. 250 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. உப்புக் குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். பேசினுக்கு மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சரித்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் நாசியால் ஊற்றினால் கீழ் நாசியால் வரும். பிறகு குனிந்தபடியே இரு நாசியாலும் மெதுவாக ஊதி வெளியேற்றுங்கோ. ஒன்றைப் பொத்திக்கொண்டு பலமாகச் சீந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் போகும். அமர்வுக்கு அரை மணித்தியாலம் முந்தியே முடித்துவிட வேணும்.

தடிமன் உள்ள நாளில் மூக்கைப் பொத்தும் பயிற்சி வேண்டாம், 4:0:6 மட்டும். மாறி மாறி அடைக்காமல் மாதக்கணக்காக ஒரே பக்கம் மட்டும் அடைத்திருந்தால் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்குத் தொண்டை வைத்தியர் ஒருவரிடம் காட்டிவிட்டு நாடிசுத்தியைத் தொடங்குங்கோ.